கீழே கிடந்தவர் சொன்ன சொல்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களாகிய உங்களில் பாதிப் பேர் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, குடும்பத்தார் பட்டியலில் தங்கள் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நானும் மற்றவர் வீட்டு மலர்களில் அதைத்தான் செய்திருக்கிறேன். பார்த்து முடித்தவர்கள் இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வந்து, இதையும் சற்றுப் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா அவர்கள் இறைவனடி சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. மூத்த மகன் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, "நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா. போனவரைப் பத்தி வேண்டாதது எதுக்கு?" என்று சொல்லி அனுப்பினார். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். வேண்டாதது எது என்பதில்தான் அத்தைக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

அப்பா பிறந்தது பர்மாவின் யாங்கோன் நகரில், அலோன் பகுதியில், ஆற்றோரம் துறைமுகத் தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில். தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலில் வந்து மூட்டை தூக்கியவர். அப்பாவும் மீசை முளைக்கும் முன்பே மூட்டை தூக்கப் போனார். மாலையில் கோயிலுக்குப் பின்னால் இருந்த மண் கோதாவில் குஸ்தி பழகினார். அது உண்மையான குஸ்தி. இருபத்திரண்டு வயதில் அந்தக் கரையோரத்தில் அப்பாவின் முதுகை மண்ணில் படுக்க வைக்க ஆள் இல்லை என்று பழைய ஆட்கள் இப்போதும் சொல்கிறார்கள்.

அப்போதுதான் நகரின் நடுவே லத்தா பகுதியில் ஒரு கொட்டகை வைத்திருந்த ஊ தான் மவுங் என்பவர் அப்பாவைத் தேடி வந்தார். மண் கிடையாது, பலகை மேடை, சுற்றிலும் கயிறு, வண்ண அரைக்கால்சட்டை, தாளம், டிக்கெட். அந்தக் குஸ்தியில் யார் ஜெயிப்பது, யார் விழுவது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. உண்மைக் குஸ்தியில் தோற்காத அப்பாவை, பேசி வைத்த குஸ்தியில் தோற்பதற்காகக் கூப்பிட்டார்கள். அப்பாவும் போனார். ஊரூராய்ப் பகோடாத் திருவிழாக்களில் முப்பது வருடத்துக்கு மேல் ஆடினார். கோதாவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரால் எங்கள் வீட்டுக்கு நடந்த நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "பேசி வைத்தது" என்று எழுதிவிட்டேன். எழுதக் கூடாத சொல் அதுதான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டியிடம் கூடச் சொல்ல மாட்டார்கள். அம்மா உயிரோடு இருந்தவரை, அப்பாவின் வீங்கிய தோளுக்கு மஞ்சளும் உப்பும் சூடாக்கிப் பற்றுப் போட்டபடியே எதிராளியின் ஏழு தலைமுறையைத் திட்டுவார்கள். அந்த எதிராளியோடு தேநீர் குடித்துவிட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வந்திருப்பார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். அம்மா அதை அறியாமலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு நான்கு. அப்பா காலையில் துறைமுகம், மாலையில் கொட்டகை. நான் பள்ளிக்கூடம். தம்பியைப் பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பம் எடுத்து வளர்த்தது. அந்த வீட்டுப் பெண் மா நுவே அவனுக்கு அக்கா மாதிரி. அவன் அங்கேயே தின்று, அங்கேயே தூங்கி, அவர்கள் மொழியிலேயே அழவும் சிரிக்கவும் கற்றான். அப்பாவை 'அபே' என்பான், என்னை 'அகோ' என்பான். தமிழ் அவனுக்கு அரைகுறை. அப்போது உறவினர் யாரும் வந்து இந்தப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லை. பிற்பாடு வந்து, "தமிழே வரலையே, என்ன வளர்ப்பு?" என்று மட்டும் கேட்டீர்கள்.

எண்பத்தெட்டில் ஊர் கலங்கியது. அதைப் பற்றி எழுத இது இடமில்லை. கப்பல் வரவில்லை, திருவிழா நடக்கவில்லை, கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. எல்லாம் அடங்கித் திரும்பக் கொட்டகை திறந்தபோது அப்பாவுக்கு ஐம்பது வயது. முட்டி வலி. தூக்கி எறிந்தால் எழுந்திருக்க நேரம் பிடித்தது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஊ தான் மவுங் எங்கள் வீட்டுக்கு வந்து, என்னையும் தம்பியையும் கடையில் ஆட்டுக்கிடாய் பார்ப்பது போல ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க ரெண்டு மகனையும் உங்களோட சோடி சேத்து எறக்குவோம், ஆச்சார்யா. அப்பனும் மக்களும் ஒரே பக்கம். ஊரே வரும்" என்றார். அவர் பர்மிய மொழியில் சொன்னதைத்தான் தமிழில் தருகிறேன்.

"எம் புள்ளைங்க படிக்கட்டும், பொழைக்கட்டும். கோதாவுல எறக்க மாட்டேன்" என்று அப்பா சொன்னார். அதைச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. மறு வாரமே எங்கள் இடுப்பை அளந்துகொண்டு போகத் தையற்காரர் வந்தார். பச்சை நிறத்தில் மூன்று அரைக்கால்சட்டைகள். நான் படிப்பை முடித்து ஒரு கிடங்கில் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். தம்பி பதினாறு வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு வந்தான். எங்களை யாரும் கேட்கவில்லை.

பழகியது கிடங்குக்குப் பின்னால் இருந்த மணலில். அப்பா முதலில் சொன்ன பாடம் இதுதான்: கோதாவில் கீழே கிடப்பவர் சொல்வதே சட்டம். மேலே இருப்பவனுக்குத் தன் பலம் தெரியாது. வலிப்பது கீழே இருப்பவருக்குத்தான். ஆகவே எவ்வளவு இறுக்கலாம், எப்போது விடலாம் என்று அவர்தான் வாய் அசையாமல் சொல்வார். அதை மீறுகிறவன் குஸ்திக்காரனே இல்லை. எங்களுக்குள் மட்டும் அதைத் தமிழில் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. மேடையை ஒட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் புரியாது, எதிர்ப் பக்கத்து ஆட்களுக்கும் புரியாது.

தம்பிக்காக அப்பா சில சொற்களைப் பொறுக்கி எடுத்தார். பிடி, விடு, விழு, எழு, திரும்பு. எல்லாம் அவனுக்குப் பிடிபட்டன. ஒன்றே ஒன்று பிடிபடவில்லை. 'இறுக்கு' என்றால் அவன் காதுக்கு 'இறக்கு' என்று கேட்டது. அப்பா கழுத்துப் பிடியில் கிடந்துகொண்டு "இறுக்குடா" என்பார்; இவன் மெல்ல அவரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு அடுத்து என்ன என்று பார்ப்பான். நான் மணலில் உருண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. நாலைந்து நாள் போராடிவிட்டுக் கடைசியில், "இவனுக்கு மட்டும் பர்மா பாஷையில சொல்லித் தொலைக்கிறேன். 'போ'ன்னா இறுக்கு. தெரிஞ்சுதா?" என்றார்.

பர்மிய மொழியில் 'போ' என்றால் இன்னும், அதிகமாக என்று பொருள். கடையில் சாப்பாடு வாங்கும்போது நாம் எல்லோரும் சொல்கிற சொல்தான். அதற்குப் பிறகு அவனுக்கு அது நன்றாகப் பிடிபட்டது. "போ" என்பார் அப்பா, அவன் இறுக்குவான். "போ, போ" என்பார், இன்னும் இறுக்குவான். "அப்படித்தான், இப்பத்தான் ஆம்பளைப் பிடி" என்று அப்பா ஒரு நாள் சொன்னதற்கு அவன் அன்று முழுவதும் விசில் அடித்துக்கொண்டு திரிந்தான்.

எங்கள் சோடிக் குஸ்தி நன்றாக ஓடியது. அதை மறைக்க மாட்டேன். கோதாவில் ஒருவர்தான் ஆடலாம். மற்ற இருவர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். அப்பா அடி வாங்கித் தவழ்ந்து வந்து கையை நீட்டுவார். நாங்கள் கயிற்றுக்கு வெளியிலிருந்து நீட்டுவோம். ஒரு சாண் குறையும். எதிராளி காலைப் பிடித்துப் பின்னால் இழுப்பான். கொட்டகையே எழுந்து நின்று, "தொடு, தொடு" என்று கத்தும். பெண்கள் அழுவார்கள். மூன்றாம் முறையோ நான்காம் முறையோ அப்பாவின் கை என் கையில் பட்டுவிடும். வீட்டில் அப்பா எங்கள் கையைத் தொட்டதாக எனக்கு நினைவே இல்லை. அங்கேதான் தொட்டார். அதற்காகவே நான் ஐந்து வருடம் அந்தப் பச்சை அரைக்கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

பிறகு அதுவும் சலித்தது. ஊ தான் மவுங் அடுத்த யோசனையோடு வந்தார். இளையவன் தகப்பனுக்குத் துரோகம் செய்ய வேண்டும். கையை நீட்டும்போது தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்புறம் அப்பனும் மகனும் மோத வேண்டும். தம்பிக்கு விருப்பமில்லை. "அபே, இது வேணாமே" என்றான். "தொழில்டா இது" என்றார் அப்பா. அத்தோடு பேச்சு முடிந்தது.

லத்தாவிலும் அலோனிலும் விளக்குக் கம்பங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, அப்பா அவன் காலடியில் கிடப்பது போன்ற படம். அத்தை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தார். நம்பிவிட்டார். அத்தையைக் குறை சொல்ல முடியாது, நம்புவதற்காகத்தானே ஒட்டியது? குறை சொல்ல வேண்டியது அப்பாவைத்தான். கோயிலில் யாராவது விசாரித்தால், "அவன் பேச்சை எடுக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊர் நம்ப வேண்டும் என்பதற்காகத் தம்பியை வீட்டை விட்டு வெளியேறி இரண்டு மாதம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கியாக்தானில் ஒரு நண்பன் வீட்டில் தங்கச் சொன்னார். போகும்போது அவன் துணிப்பையில் அவரே இரண்டு கைலி மடித்து வைத்தார். அதை நான் மட்டும் பார்த்தேன்.

மோதல் நடந்ததும் கியாக்தானில்தான். ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவுக்குப் படகு ஏறும் துறைக்குப் பக்கத்து மைதானத்தில், திருவிழாவின்போது, பிற்பகலில். காலையில் மழை பெய்து பலகை ஈரமாயிருந்தது. சாக்குப் போட்டுத் துடைத்தார்கள். பேசி வைத்தது இப்படி: தம்பி பின்னாலிருந்து கழுத்துப் பிடி போட வேண்டும், அப்பா திணறுவது போலக் கிடக்க வேண்டும், பிறகு "விடு" என்பார், இவன் பிடி நழுவியது போல விட வேண்டும், அப்பா எழுந்து இவனைத் தூக்கிப் போட்டு ஜெயிக்க வேண்டும். நான் அப்பாவின் மூலையில் துண்டோடு நின்றேன்.

தம்பி பிடி போட்டான். அப்பா முட்டியை ஊன்றப் போனார். ஈரப் பலகையில் முட்டி வழுக்கியது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி மாட்டிக்கொண்டது. அந்த வலியில் 'விடு' என்ற சொல் அவருக்கு மறந்துபோயிற்று. ஆத்திரம் வந்தால் வீட்டில் எங்களை எந்தச் சொல்லால் விரட்டுவாரோ, அதே சொல் வாயில் வந்தது.

"போ" என்றார். "போ... போ..."

நான் நாலடி தூரத்தில் நின்றேன். எனக்குக் காதில் விழுந்தது. எனக்கு அது தமிழாகத்தான் கேட்டது. விலகிப் போ என்கிறார், தம்பி விட்டுவிடுவான் என்று நினைத்தேன். ஆட்டத்தை நிறுத்தத் துண்டை வீசவில்லை. தம்பிக்கு அது அவனுக்கென்று அப்பாவே கற்றுக் கொடுத்த சொல். கீழே கிடப்பவர் சொல்வதே சட்டம். அவன் இறுக்கினான். அவர் மறுபடி சொல்ல, இன்னும் இறுக்கினான். சனங்கள் கை தட்டினார்கள்.

அன்றோடு அப்பாவின் வலக் கையும் வலக் காலும் பாதி விளங்காமல் போயின. மருத்துவமனையில் கழுத்துப் பட்டையோடு கிடந்தபோது உறவினர் அத்தனை பேரும் வந்தீர்கள். தம்பி வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வந்தீர்கள். "ஏண்டா விடலை?" என்று நான் கேட்டேன். "அபே 'போ'ன்னு சொன்னாரு அகோ. மூணு தடவை சொன்னாரு" என்றான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே ஓடி அப்பாவிடம் சொன்னேன்.

"சொல்லிருங்கப்பா. அத்தைகிட்டயாவது சொல்லிருங்க. அவன் மேல தப்பில்லன்னு."

"என்னன்னு சொல்றது? எல்லாம் பேசி வெச்ச ஆட்டம், அதுல வார்த்தை மாறிப்போச்சுன்னா? முப்பது வருஷமா ஊரை ஏமாத்துனேன்னு எந்த வாயால சொல்றது?"

"அப்ப அவன்?"

"சின்னவன்தானே. தாங்கிக்குவான்."

இதுதான் எங்கள் அப்பா. மானஸ்தர் என்று நீங்கள் எல்லோரும் இரங்கல் கூட்டத்தில் பேசினீர்கள். ஆமாம், மானஸ்தர்தான். தன் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற, பெற்ற பிள்ளையின் மானத்தைக் கொடுத்தார். என்னிடமும் வாய் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார். நானும் கொடுத்தேன். அப்பனின் கழுத்தை முறித்த மகன் என்ற பெயர் தம்பிக்கு நிலைத்தது. கல்யாண வீடுகளில் அவன் உட்கார்ந்த பந்தியில் உட்கார ஆள் யோசித்தார்கள். ஊ தான் மவுங் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, அண்ணன் தம்பியைப் பழி வாங்குவதாக அடுத்த திருவிழாவுக்கு ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டார். பழத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து வாசலைக் காட்டினேன். என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று. அதிகம் இல்லை.

தம்பி கியாக்தானிலேயே தங்கிவிட்டான். யாங்கோனுக்கு வரும் பஸ்ஸில் ஓட்டுநர் ஆனான். அங்கேயே ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். நம் பக்கத்திலிருந்து நான் ஒருவன்தான் போனேன். அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலம் எடுப்பது எல்லாம் நான். பகலில் நான் வேலைக்குப் போயிருக்கும்போது மா நுவே வந்து பார்ப்பாள். மரத்துப்போன காலைத் தினமும் அமுக்கிவிடுவாள். பதினான்கு வருடம் இப்படிப் போனது.

இரண்டு வருடத்துக்கு முன் வந்த பெரும்புயலில் எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் அத்தனையும் பறந்துவிட்டது. மூன்றாம் நாள் தம்பி வந்து நின்றான். பாதி தூரம் நடந்தே வந்திருக்கிறான். அவன் வீட்டிலும் கூரை இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. வந்ததும் மேலே ஏறி, கிடைத்த தகரத்தையெல்லாம் அடித்து முடித்தான். இறங்கி வந்தவனை அப்பா பக்கத்தில் கூப்பிட்டு, பர்மிய மொழியில், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவனோடு எப்போதும் பிடிவாதமாகத் தமிழே பேசி, புரியாவிட்டால் திட்டுகிற அப்பா. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவன் வந்தான். இருவரும் பர்மிய மொழியிலேயே ஏதோ பேசிக்கொள்வார்கள். மன்னிப்பு என்ற சொல் எந்த மொழியிலும் அவர்கள் வாயில் வந்து நான் கேட்கவில்லை. அவன் வரத் தாமதமானால் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பார். கழுவித் துடைப்பவன் நான். வாசலைப் பார்ப்பது அவனுக்காக. எனக்கு அது பொறுக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

போன வருடம், அப்பா கடைசியாகப் படுத்தார். செய்தி கேட்டு அத்தையும் நீங்களும் வந்து அறை நிறைய உட்கார்ந்திருந்தீர்கள். தம்பி கால்மாட்டில் உட்கார்ந்து வலக் காலை அமுக்கிக்கொண்டிருந்தான். மா நுவே கதவோரம் நின்றிருந்தாள். யாரும் அவனோடு பேசவில்லை. அப்பா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"போ" என்றார். "போ..."

அத்தை எழுந்தார். "கேட்டியாடா? சாகுற நேரத்துல கூட அவரால உன் மொகத்தைப் பாக்க முடியலை. போங்கறாரு. எந்திரிச்சுப் போ!"

தம்பி காலை விடவில்லை. என்னைத்தான் பார்த்தான். "அகோ..." என்றான்.

அப்பா வாயில் அந்தச் சொல் இரண்டு அர்த்தத்தில் வரும் என்று, தம்பியைத் தவிர, அந்த அறையில் தெரிந்த ஆள் நான் ஒருவன். பதினான்கு வருடம் அதை மனத்தில் வைத்துப் புழுங்கியவன். அந்த நேரத்தில் எனக்கு அது தமிழாகத்தான் கேட்டது. அல்லது அப்படிக் கேட்கத்தான் என் மனம் விரும்பியது. நான் எழுந்து போய் அவன் கையை அப்பாவின் காலிலிருந்து எடுத்தேன். தோளைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். "அப்புறம் வா" என்று சொன்னேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். சுடுகாட்டில் வாய்க்கரிசி போட எல்லோரையும் கூப்பிட்டார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே, கிளம்பத் தயாராய் நிற்கிற பஸ்காரன் போல, கைகளைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

போன மாதம்தான் அப்பாவின் கட்டிலைப் பிரிக்க மா நுவே உதவிக்கு வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குள் பர்மிய மொழிதான். கட்டில் காலைத் துடைத்தபடி, "அன்னைக்குக் கோ வின்னை ஏன் வெளியில கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். கோ வின் என்பது தம்பிக்கு அவள் வீட்டில் வைத்த பெயர்.

"அப்பாதான் போகச் சொன்னாரே" என்றேன்.

அவள் விழித்தாள். "போகச் சொன்னாரா? எப்போ? 'போ'ன்னுதானே சொன்னாரு? காலு மரத்திருச்சு, இன்னும் அழுத்துன்னு. எங்கிட்ட தினமும் சொல்றதுதானே. உங்க தம்பி கையை எடுத்தப்புறம் ரெண்டு நாளும் அந்தக் காலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."

நான் கையில் இருந்த கட்டில் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே கியாக்தானுக்குப் போனேன். தம்பி வீட்டில் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் அகோ" என்றான். "அழுத்தச் சொல்றாருன்னு கையில தெரிஞ்சுது. இழுத்துக்காம காலைக் குடுத்தாரு."

"அப்ப ஏண்டா சொல்லலை?"

"யார்கிட்ட? என்னைத் தவிர உங்களுக்குத்தான் தெரியும். உங்களைத்தானே கூப்பிட்டேன்." பிறகு, அப்பா மணலில் சொல்லிக் கொடுத்ததை அவனுக்கு வந்த தமிழில் எனக்கே சொன்னான்: "கீழ இருக்கவங்க சொல்றது சட்டம். நான் ரெண்டு தடவையும் கேட்டேன். நீங்க ரெண்டு தடவையும் கேக்கலை."

இன்றைய திதிக்கு வரும்படி கேட்டேன். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்கு வண்டி முறை இருக்கிறதாம்.

அப்பாவுக்குக் கொடுத்த சத்தியத்தை அவர் மலரிலேயே உடைத்துவிட்டேன். பாவம் வந்தால் எனக்கு வரட்டும். அவர் ஊரை ஏமாற்றினார் என்று உங்களில் யாராவது இனிமேல் பேசினால் பேசுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். தம்பி தாங்கியது போதும். அத்தை கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து, காத்திருக்க வைக்காமல் பார்த்த எங்கள் தெரு மருத்துவருக்கு நன்றி. கடைசிக் காரியங்களைக் குறைவில்லாமல் நடத்திக் கொடுத்த கோயில் குருக்களுக்கும், பாடை சுமந்த அலோன் துறைமுகத்துப் பழைய தோழர்களுக்கும் நன்றி. எங்கள் சாதியும் இல்லை, மதமும் இல்லை, மொழியும் இல்லை என்ற நிலையிலும் பதினான்கு வருடம் அப்பாவின் காலை அமுக்கிய, தம்பியைத் தவிர அவர் சொன்னதைச் சொன்னபடியே கேட்ட ஒரே ஒருத்தியான மா நுவேக்கு நன்றி. வாய்க்கரிசி போட வந்தவர்களுக்கும் நன்றி. உங்கள் வருகையை மறக்க மாட்டேன், எல்லா வகையிலும்.

பெயர் விடுபட்டவர்கள் பெரிய மனத்தோடு பொறுத்துக்கொள்ளும்படி இந்த இடத்தில் எழுதுவது வழக்கம். இம்மலரில் விடுபட்டது ஒரே பெயர்தான். குடும்பத்தார் பட்டியலைத் தயாரித்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். நான் பிழை திருத்தும்போது பார்த்தும் சும்மா இருந்துவிட்டேன். மா நுவே கட்டில் பிரிக்க வருவதற்கு முன்னாலேயே அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் அச்சாகி முடிந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு பிரதியிலும் கடைசிப் பக்கத்தில், 'மகன்கள்' என்ற தலைப்பின் கீழ், என் பெயருக்கு மேலே, பேனாவால் ஒரு வரி எழுதியிருக்கிறேன். உங்களில் பலர், அதை வாசிக்கத் தெரிந்தும், என்ன கிறுக்கல் இது என்று கேட்பீர்கள். அது பர்மிய எழுத்து. தமிழில் எழுதினால் தம்பிக்கு வாசிக்கத் தெரியாது.